கழிவு

பதினெட்டு முதல் இருபத்தொன்பது வரை.
படிவத்தின் தலையில் அச்சடித்திருக்கிறது வயதெல்லை.
எனக்கு முப்பத்தொன்று.
கேட்கலாம், பதில் சொல்ல முடியாது.

ஒரு படிவத்துக்கு நூற்றிருபது ரூபாய், பெற்றோல் என் செலவு.
பட்டதாரி நியமனம் வரும்வரைக்கும்
இளையவர்கள் ஏன் தோட்டத்துக்கு வருகிறார்களில்லை என்று
ஸ்கூட்டியில் தேடித் திரிவது என் உத்தியோகம்.

ஏழாலை. கேள்வி நான்கு:
விவசாயத்தைத் தொழிலாகத் தெரிவுசெய்ய விருப்பமா?
மிக விருப்பம், விருப்பம், கருத்தில்லை, விருப்பமில்லை.
ஏதாவது ஒன்றில் மட்டும் சரி போடவும்.

டினுஷன் இறைப்பு மெசினை நிற்பாட்டாமல் கத்திச் சொன்னான்:
"விடியக் கேட்டால் மிக விருப்பம்.
மருதனார்மடத்தால திரும்பி வரேக்க கேட்டுப்போடாதேங்கோ."
அவன் வெங்காயம் நட்டபோது கிலோ முந்நூற்றைம்பது.
பிடுங்கிய கிழமை
கொழும்புக்குக் கப்பல் வந்தது.
கப்பலை எந்தப் பெட்டிக்குள் போடுவது?

அடுத்த ஒழுங்கையில் சாருகா.
மதிலுக்குப் பின்னால் எட்டுப் பரப்புச் செம்மண்.
"காணி என்ர பேரிலதான் அக்கா, சீதன உறுதி எழுதியாச்சு.
மாப்பிள்ளைதான் இன்னும் பொருந்தேல்லை.
அதுவரைக்கும் குத்தகைக்காரர் புகையிலை வைக்கினம்."
மண்ணைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறாள்.
ரிப்போட்டைப் போனில் பெரிதாக்கிக் காட்டினாள்,
பிறந்த குழந்தையின் படத்தைக் காட்டுவதுபோல.
"உள்ளுக்கு இறங்க விடுகினமில்லை.
கறுத்துப்போவனாம்."

நில உரிமை: உண்டு / இல்லை.
இரண்டையும் கீறினேன்.

யதுர்சனுக்குச் சொட்டுநீர்க் குழாய், தக்காளி, ஒரு சனல்.
"காய்ச்சதை ஒருத்தரும் பாக்கேல்லை.
பூச்சி விழுந்ததைப் போட்டன்,
நாப்பதாயிரம் பேர்."
தாய் தரகரிடம் 'பிஸ்னஸ்' என்று சொல்லி வைத்திருக்கிறாராம்.
நானும் தொழில் என்ற கோட்டில்
அப்படியே எழுதிக்கொண்டேன்.

வயாவிளானில் ஒருவன் பேர் சொல்லவில்லை.
ஆமி விட்ட காணி, போன பங்குனியில்.
வாழை நிற்கும் என்று தகப்பன் சொன்ன இடத்தில்
கொங்கிறீற் தரை, அதில் வெள்ளைக் கோடுகள்,
எவரோ வலைப்பந்து ஆடியிருக்கிறார்கள்.
உடைக்க மூன்று லட்சம் கேட்கிறார்களாம்.
"முதல்ல மண்ணைக் கண்ணால காணவேணும்.
விருப்பத்தைப் பிறகு கேளுங்கோ."
பேனையை மூடிவிட்டேன்.
வெயில்.

பின்னேரம் குப்பிழானில், போகிற வழியில்,
பீற்றூட் பிடுங்கிக்கொண்டிருந்தான் ஒரு பெடியன்.
கோபிதன், பத்தொன்பது.
கேள்வி முடியமுன்னமே "மிக விருப்பம்" என்றான்.
அன்றைக்கு முதலாவது.
காரணம்? நான் குறியீடுகளை வாசித்தேன்:
வருமானம், குடும்பத் தொழில், மானியம், சூழல்மீது அக்கறை...

"ரவுணில போன்கடையில எட்டு மாசம் நிண்டனான் அக்கா.
காலமை ஒன்பதிலயிருந்து இரவு எட்டுவரைக்கும் நிக்கோணும்.
கதிரை, வாற ஆக்களுக்கு.
இஞ்சை காலுழைஞ்சா
இருக்கலாம்."

சொல்லிவிட்டு வரம்பில் இருந்தும் காட்டினான்.
இருக்கலாம் என்பதற்குக் குறியீடு இல்லை.
ஓரத்தில் கையால் எழுதினேன்.

புறப்படும்போது பீற்றூட் பத்து எண்ணி
ஸ்கூட்டிக் கூடையில் போட்டான்.
ஒன்றைத் திருப்பி எடுத்தான்.
"கழிவு," என்று சிரித்தான்.
"நூறு கிலோ கொண்டுபோனா தொண்ணூறுக்குத்தான் காசு.
பழகிப்போச்சு."

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் நாற்பது படிவம் கொடுத்தேன்.
மேற்பார்வையாளர் விரலை நனைத்து நனைத்துப் புரட்டினார்.
கப்பல் என்று எழுதிய ஒன்று,
இரண்டையும் கீறிய ஒன்று,
பேரில்லாத ஒன்று,
ஓரத்தில் கையால் எழுதிய ஒன்று.
"இந்த நாலும் செல்லாது, பிள்ளை."

முப்பத்தாறுக்குக் காசு எண்ணி வாங்கிக்கொண்டேன்.
வீட்டில் பீற்றூட் இன்னும் மூன்று கிடக்கிறது.